டாலி பார்ட்டன் பாடல்கள்: கிட்டாரில் எதிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி: ஆறு மாதமாக அகூஸ்டிக் கிட்டார் கற்றுவருகிறேன். ஏ மைனர், சி, ஜி, டி, இ மைனர் கார்டுகள் வரும். எஃப் இன்னும் சுத்தமாக ஒலிப்பதில்லை. அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகி டாலி பார்ட்டனின் பாடல்களைக் கற்க ஆசை. ‘நைன் டு ஃபைவ்’ எடுத்தேன்; கார்டுகள் சரியாக இருந்தும் அந்தப் பாட்டு போலவே கேட்கவில்லை. ‘ஜோலீன்’ வாசித்தால் ரெக்கார்டோடு சுருதி சேரவில்லை. எந்த வரிசையில் போகலாம்?

பதில்: உங்கள் விரல்களில் பெரிய குறை இல்லை, எடுத்த பாட்டில்தான் சிக்கல். டாலியின் பாடல்களை 1977-க்கு முன், பின் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு வந்த ‘ஹியர் யூ கம் அகெய்ன்’தான் அவரை கன்ட்ரி ரசிகர்களைத் தாண்டி பாப் ரசிகர்களிடம் கொண்டுபோனது. அதை எழுதியது அவர் அல்ல. பேரி மேன், சிந்தியா வைல் என்ற பாப் பாடலாசிரியர் தம்பதி. தொடக்கத்திலிருந்தே பியானோதான் அதைத் தூக்கி நிறுத்துகிறது, நடுவில் சுருதியும் மாறும். 1980-இல் வந்த ‘நைன் டு ஃபைவ்’ டாலியே எழுதியது என்றாலும், அதையும் பியானோதான் ஓட்டிச் செல்கிறது. பியானோவும் பிராஸ் வாத்தியங்களும் போட்ட கூட்டுச் சத்தத்தை ஒற்றைக் கிட்டாரில் தேடினால் ஏமாற்றம்தான் வரும்.

முதல் பகுதி அப்படியல்ல. டென்னசி மலைப்பகுதியில், பன்னிரண்டு பிள்ளைகள் இருந்த ஏழைக் குடும்பத்தில் 1946-இல் பிறந்தவர் டாலி. எட்டு வயதில் மாமா ஒருவர் கொடுத்த கிட்டாரோடு வளர்ந்து, 1964-இல் பள்ளி முடித்த மறுநாளே நாஷ்வில் நகரத்துக்கு வண்டி ஏறினார். 1967-இலிருந்து கன்ட்ரி பாடகர் போர்ட்டர் வாகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடிய ஆண்டுகளில் அவர் எழுதிய பாடல்களுக்கு ஒரு கிட்டாரும் ஒரு குரலும் போதும். நீங்கள் அங்கிருந்து தொடங்குங்கள்.

முதலில் ‘ஜோலீன்’ (1973). ஏ மைனர், சி, ஜி மூன்றும் போதும். ஜி-யிலிருந்து ஏ மைனருக்குத் திரும்பும்போது நடுவில் இ மைனர் சேர்ப்பவர்களும் உண்டு, அது உங்கள் விருப்பம். எஃப் வரவே வராது. ரெக்கார்டோடு சேராததற்குக் காரணம், டாலி பாடியிருப்பது சி ஷார்ப் மைனரில். கிட்டார் கழுத்தின் நான்காவது ஃப்ரெட்டில் (உலோகக் கோடுகளுக்கு இடையே உள்ள கட்டம்) கேப்போ, அதாவது எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப், போட்டு, அதே ஏ மைனர் வடிவத்தைப் பிடியுங்கள், ஒட்டிக்கொள்ளும். தனியாகப் பாடும்போது உங்கள் குரலுக்கு எது வசதியோ அந்த ஃப்ரெட்டுக்கு கேப்போவை நகர்த்தலாம். நான்காவது ஃப்ரெட்டில்தான் வாசிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

ஆனால் அந்தப் பாட்டின் உயிர் வலது கையில் இருக்கிறது. எல்லாத் தந்திகளையும் ஒன்றாக மீட்டி ஸ்ட்ரம் செய்தால் பாட்டு இருக்கும், அந்தப் பதற்றம் போய்விடும். கட்டைவிரல் இரண்டு பேஸ் (தடித்த) தந்திகளுக்கு இடையே மாறி மாறி நடக்க வேண்டும்: ஏ மைனருக்கும் சி-க்கும் ஐந்தாவது தந்தி, நான்காவது தந்தி, ஜி-க்கு ஆறாவது, நான்காவது. ஆள்காட்டி விரல் மூன்றாவது தந்தியையும் நடுவிரல் இரண்டாவது தந்தியையும் இடையிடையே தொடும். இதை ஒரே மூச்சில் கற்க முயலாதீர்கள். சில நாள் கட்டைவிரல் மட்டும், தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, கார்டு மாறும்போதும் நிற்காமல் நடக்கட்டும். வாயால் யாரிடமாவது பேசிக்கொண்டே கட்டைவிரலை ஓட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மற்ற விரல்களைச் சேர்க்கலாம். ரெக்கார்டின் வேகம் ஏறக்குறைய 110. அதற்கு அவசரம் இல்லை, மெதுவாக வாசித்தாலும் இந்தப் பாட்டு நன்றாகத்தான் இருக்கும்.

அடுத்தது ‘கோட் ஆஃப் மெனி கலர்ஸ்’ (1971). அம்மா ஒட்டுத்துணிகளில் தைத்துக்கொடுத்த கோட்டைப் பற்றிய பாட்டு. பயணப் பேருந்தில் காகிதம் இல்லாமல் சலவைக்கடை ரசீதின் பின்புறம் எழுதியது. ஜி, சி, டி தெரிந்தால் வாசித்துவிடலாம்.

இதே பாட்டில் இன்னொரு வழியையும் முயன்று பாருங்கள். டாலியின் நீண்ட செயற்கை நகங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றோடு சாதாரண கார்டுகளைப் பிடிப்பது கஷ்டம் என்பதால், மீட்டினாலே ஒரு கார்டு ஒலிக்கும்படி தந்திகளைச் சுருதி மாற்றிக்கொள்ளும் ஓப்பன் டியூனிங்கை அவர் பயன்படுத்துவார். ஓப்பன் டி-க்கு, தடித்த தந்தியிலிருந்து வரிசையாக டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. எந்தத் தந்தியையும் ஏற்ற வேண்டாம், நான்கு தந்திகளை இறக்கினால் போதும், அதனால் அறுந்துபோகும் பயமில்லை. எதையும் அழுத்தாமல் மீட்டினால் டி. ஐந்தாவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்தால் ஜி, ஏழாவதில் ஏ. ஜி, சி, டி-க்குப் பதிலாக டி, ஜி, ஏ என்று மூன்று கார்டும் வந்தாயிற்று. உங்களைப் படுத்தும் எஃப்-க்கும் இது நல்ல பயிற்சி. முதல் ஃப்ரெட்டில் விரலைப் படுக்கவைப்பதைவிட ஐந்தாவதில் படுக்கவைப்பது எளிது, பலம் வந்தபிறகு கீழே இறங்கி வரலாம். அப்படியும் விரல் மிகவும் வலித்தால், 0.010 அங்குலத்தில் தொடங்கும் மெல்லிய தந்தி செட் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ (1974). விட்னி ஹூஸ்டனின் 1992 பதிவை வைத்துக் கற்காதீர்கள், டாலியின் மூலப்பதிவைக் கேளுங்கள். போர்ட்டர் வாகனரைவிட்டுப் பிரியும்போது எழுதியது, கிட்டத்தட்ட பேச்சுபோலப் பாடியிருப்பார். எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பியபோது, பதிப்புரிமையில் பாதி கேட்டார் அவருடைய மேலாளர். டாலி மறுத்துவிட்டார். அழுதாலும் கொடுக்கவில்லை என்பதால்தான் பின்னாளில் விட்னியின் பதிவு தந்த பதிப்புரிமை வருமானம் அவருக்கே வந்தது. வாசிப்பவருக்கு இதில் சவால் பொறுமைதான். மெதுவான பாட்டு, இடைவெளிகளை நிரப்ப கை துடிக்கும், நிரப்பாதீர்கள்.

இவை மூன்றும் கைக்கு வந்தபின் ‘நைன் டு ஃபைவ்’ பக்கம் திரும்புங்கள். ரெக்கார்டு எஃப் ஷார்ப்பில் இருக்கிறது. நான்காவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு டி, ஜி, ஏ வடிவங்களைப் பிடித்தால் பெரும்பகுதி முடியும். பல்லவியில் ஒரு இடத்தில் ஏ-க்கு முன்னால் இ மேஜர் வரும். பழக்கத்தில் கை இ மைனருக்குப் போய்விடும், கவனம். பியானோவைப் பின்பற்றாமல், உள்ளங்கையின் ஓரத்தை, தந்திகள் கிட்டாரின் உடலில் முடியும் பிரிட்ஜ் பக்கம் தந்திகள்மேல் லேசாக வைத்து, கீழ்நோக்கிய மீட்டலாக டக் டக் என்று வாசியுங்கள். டைப்ரைட்டர் சத்தம்போல நகங்களை ஒன்றோடொன்று உரசித்தான் டாலியே இந்தப் பாட்டின் தாளத்தைப் பிடித்தார். ‘ஹியர் யூ கம் அகெய்ன்’ இப்போதைக்கு வேண்டாம், எஃப் தயங்காமல் விழ ஆரம்பித்தபின் பார்த்துக்கொள்ளலாம்.