மாங்கன்றில் படியும் தூசி: கழுவலாமா, மருந்தடிக்கலாமா?

கேள்வி: ஐயா, அமீரகத்தில் அல் ஐன் பக்கம் ஒரு மஸ்ராவில் (பண்ணையில்) வேலை பார்க்கிறேன். அர்பாப் (முதலாளி) சொல்லி பிப்ரவரி கடைசியில் 30 மாங்கன்றும் 10 எலுமிச்சையும் வைத்தேன். இப்போது ஜூன். புழுதிக்காற்று அடித்தால் இலையெல்லாம் மாவு தூவிய மாதிரி ஆகிவிடுகிறது, நுனியும் ஓரமும் கருகுகிறது. காலை மாலை பத்துப் பத்து நிமிடம் சொட்டுநீர் விடுகிறேன். கடையில் கொடுத்த பூச்சி மருந்தும் டானிக்கும் அடித்தும் கருகல் நிற்கவில்லை. தினமும் மதியம் இலையைக் கழுவலாமா? கன்று செத்தால் பழி என் மேல்தான்.

பதில்: தம்பி, கழுவலாம், ஆனால் மதியம் வேண்டவே வேண்டாம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது, முதலில் உங்கள் உடம்பைப் பாருங்கள். வாரம் ஒருமுறை விடியற்காலையில், குடிக்கிற நல்ல தண்ணீரால் கழுவினால் போதும். கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் அது காய்ந்ததும் உப்பு இலையிலேயே தங்கி இன்னும் கருக்கும்.

உங்களுக்குத் தூசிதான் கண்ணில் படுகிறது. எனக்கு உப்பு மேல்தான் சந்தேகம். நுனியில் தொடங்கி ஓரமாகக் கருகிக்கொண்டே வருவது உப்பின் அடையாளம். சொட்டுவாய் நனைத்த வட்டத்தின் விளிம்பில் மண்ணைச் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? பத்து நிமிடத் தண்ணீர் உப்பைக் கீழே தள்ளாது, வேரைச் சுற்றியே சேர்த்து வைக்கும். இரண்டு வேளையையும் ஒன்றாக்கி விடியலுக்கு முன் ஒரே தடவையாக நீளமாக விடுங்கள் (வெயில் ஏறிய பிறகு கறுப்புக் குழாயில் வருவது வெந்நீர்). வாரம் ஒருநாள் பாத்தி நிறைய, வழக்கத்தைவிட மூன்று நான்கு மடங்கு விட்டு உப்பை வேருக்குக் கீழே இறக்குங்கள்.

கடைக்காரர் என்ன மருந்து கொடுத்தார் என்று எழுதவில்லை. புட்டியில் இமிடாகுளோபிரிட் என்று இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். தூசி படிந்த இலையில் வருவது பெரும்பாலும் செஞ்சிலந்தி, இலைச்சாறு உறிஞ்சும் பொடிச் சிலந்திப்பேன். வெள்ளைத் தாளில் இலையைத் தட்டினால் ஊசிமுனை அளவில் நகரும் புள்ளிகள் தெரியும். அந்த மருந்து சிலந்தியைக் கொல்லாது, பல சமயம் பெருக்கியே விடும். இலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சுவதே நல்ல வைத்தியம். இந்த வெயிலில் கந்தகமோ வேப்பெண்ணெயோ அடித்தால் இலை வெந்துவிடும். டானிக் வெறும் காசுக்குக் கேடு, வேர் தவிக்கும்போது இலைக்குச் சத்து ஊட்டச் சொல்கிற கடைக்காரரை நான் நம்புவதே இல்லை.

நான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்த விஷயம் ஒன்று உண்டு: மூடாக்கு. உங்களைச் சுற்றிப் பேரீச்சை ஓலை மலையாகக் கிடக்கும், அதை எரிக்கிறார்கள், வயிறு எரிகிறது! முள்ளை வெட்டி எறிந்துவிட்டு ஓலையைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, கன்றைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குக் கணுக்கால் உயரம் போடுங்கள். தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளியே இருக்கட்டும், ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும், கரையானும் ஏறும். பிற்பகல் மூன்று மணிக்கு வெறும் மணலில் கை வைத்துப் பாருங்கள், வைக்க முடியாது. மூடாக்குக்கு அடியில் விரலை விட்டால் ஈரமாக, குளுமையாக இருக்கும். அந்த வித்தியாசத்தில்தான் கன்றின் மேல்வேர் பிழைக்கிறது. ஆவியாவது குறைந்தால் உப்பு மேலே ஏறுவதும் குறையும், கன்றடி மணலும் பறக்காது. ஒரு திர்ஹாம் செலவில்லை, அதனால்தானோ என்னவோ யாரும் செய்வதில்லை.

மேற்கே 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள், தண்டுக்கு நீர்த்த சுண்ணாம்பு பூசுங்கள். செப்டம்பர் வரை யூரியா கூடாது.

அப்புறம், பிப்ரவரி கடைசியில் வைத்ததே தவறு. அந்த ஊரில் அக்டோபர், நவம்பரில் வைத்தால் கோடைக்குள் வேர் இறங்கிவிடும். அர்பாபிடம் பக்குவமாகச் சொல்லி, கிணற்றுத் தண்ணீரின் ஈசி அளவை (உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துத் திறன், dS/m கணக்கில்) ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். 2.7 வரை பேரீச்சை குறையில்லாமல் காய்க்கும், ஆனால் ஆரஞ்சு, எலுமிச்சை வகைக்கு 1.1 தாண்டினாலே சிரமம், மாவும் அப்படித்தான். 3-க்கு மேல் இருந்தால் மாவோடு மல்லுக்கட்டாதீர்கள். இலந்தை வையுங்கள், காற்று வரும் பக்கம் காஃப் வையுங்கள், அது வேறொன்றுமில்லை, நம்மூர் வன்னிதான். அளவு தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள், எத்தனை லிட்டர் விடுவதென்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.