கண்ணாடி வார்ப்புக்கு எவர்சில்வர் அச்சு

கேள்வி: சூளையில் கண்ணாடி வார்க்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வளைய அச்சு செய்யப்போகிறேன். சூடு 840 டிகிரி செல்சியஸ் வரை போகும். 304 ரகம் போதுமா, 316 வாங்க வேண்டுமா?

பதில்: 316-க்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அதில் சேர்க்கும் மாலிப்டினம் முக்கியமாக உப்புநீர் அரிப்பைத் தடுக்கத்தான். சூடாகி ஆறி, மறுபடி சூடாகும் வேலையில் இரண்டுக்குமே வரம்பு ஏறக்குறைய 870 டிகிரி. ஆகவே 304 தாங்கும், ஆனால் மேற்பரப்பு கறுத்துச் செதில் உரியும். செதில் உருகிய கண்ணாடியில் விழுந்தால் அந்தக் கரும்புள்ளியை எடுக்க வழியில்லை. ஒவ்வொரு வார்ப்புக்கும் முன் தேய்த்து உதிர்த்துவிடுங்கள். அடிக்கடி வார்ப்பவர்களுக்கு 310 நல்லது, 1035 டிகிரி வரை தாங்கும்.

மலிவாகக் கிடைக்கும் 202 தகடு வேண்டாம். நிக்கல் குறைவு, சீக்கிரம் செதிலாகும். காந்தத்தை வைத்துப் பார்த்துப் பயனில்லை. 202, 304 இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. விற்பவரிடம் ரகச் சான்று கேளுங்கள். தகடு 3 மி.மீ. இருக்கட்டும், மெலிந்தது கோணிக்கொள்ளும். துத்தநாகம் பூசிய நட்டு, போல்ட் எதுவும் சூளைக்குள் போகக்கூடாது. அந்தப் புகை நச்சு.

கேள்வி: மெதுவாகத்தான் ஆறவிட்டேன். ஆனாலும் வளையத்துக்குள் இருந்த கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. ஏன்?

பதில்: ஆறும்போது 304 எஃகு, சாதாரணக் கண்ணாடியைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். 200 மி.மீ. விட்டமுள்ள வளையம், கண்ணாடி இறுகும் 500 டிகிரியிலிருந்து அறைச்சூட்டுக்கு வருவதற்குள், கண்ணாடியைவிட ஏறக்குறைய 0.9 மி.மீ. அதிகம் சுருங்கி அதை நெரிக்கிறது. எத்தனை மெதுவாக ஆறவிட்டாலும் இந்த நெரிப்பு போகாது. நல்ல ரகம் வாங்கினாலும் போகாது.

உள்சுவரில் 3 மி.மீ. ஃபைபர் பேப்பர் (சூளைச் சூட்டைத் தாங்கும் பீங்கான் இழைத் தாள்) சுற்றுங்கள், அது நசுங்கி இடம் கொடுக்கும். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டி நிற்கட்டும். பேப்பரின் உயரம், வார்ப்பின் இறுதி உயரத்தைவிட 3 மி.மீ. குறைவாக இருந்தால் விளிம்பில் ஊசிமுனைகள் வராது. வெட்டும்போது முகமூடி அவசியம். வளையத்தை முழுக்க வெல்டு செய்யாமல் ஓரிடத்தில் பிளந்து போல்ட் போட்டால் கழற்றுவதும் சுலபம்.

எஃகு அச்சின் வெளிப்புறத்தில் கண்ணாடியைக் கவிழ்த்து வளைப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அங்கே எஃகு சுருங்கித் தானே விலகிக்கொள்ளும்.

கேள்வி: கண்ணாடி அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசும் கில்ன் வாஷ் கரைசல், எஃகில் ஒட்டாமல் வழிந்துவிடுகிறதே?

பதில்: வழவழப்புதான் காரணம். மணல் வீச்சு அடித்துச் சொரசொரப்பாக்குங்கள். பிறகு அச்சை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி வெளியே எடுத்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை தெளியுங்கள். கரைசல் எஃகில் பட்டவுடன் சீறி உலர்ந்தால் சூடு சரி. வழிந்தால் ஆறிவிட்டது, மறுபடி சூடாக்குங்கள்.