மேயரை நாம் தேர்ந்தெடுப்பதில்லையே, அப்புறம் மாநகராட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டு என்ன பயன்?

2022 பிப்ரவரி 19. எங்கள் பூத்தில் எனக்கு முன்னால் நின்ற பாட்டி பட்டனை அழுத்திவிட்டு நகராமல் அங்கேயே நின்றார். "இன்னொரு ஓட்டு எங்கேப்பா?"

"இந்தத் தடவை ஒண்ணுதான் பாட்டி" என்றார் அலுவலர். பாட்டி நம்பவில்லை. யாரோ பாதியைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார். அவர் மனதில் இருந்தது 2011. அப்போது மேயருக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று என்று இரண்டு ஓட்டு. நீங்கள் கேட்பதும் ஏறக்குறைய பாட்டி கேட்டதுதான்.

இந்தக் குழப்பத்துக்கு வாக்காளர் பொறுப்பில்லை. 1996-லும் 2001-லும் தமிழ்நாட்டில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-ல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள், அதாவது மறைமுகத் தேர்தல். 2011-ல் மறுபடி நேரடி. 2016-ல் மறைமுகம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள், 2018-ல் நேரடி என்றார்கள், 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மீண்டும் மறைமுகம். 2016-க்கும் 2019-க்கும் நடுவே மாநகராட்சித் தேர்தல் ஒன்றுகூட நடக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆடாத ஆட்டத்துக்கு மூன்று முறை விதி மாற்றினார்கள்! இரண்டு பெரிய கட்சிகளின் ஆட்சியிலும் இது நடந்திருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் கோபம் என்றால் இதில்தான். நேரடியோ மறைமுகமோ, ஒன்றில் நிற்க வேண்டாமா?

சரி, இப்போதுள்ள முறையில் உங்கள் வார்டு ஓட்டுதான் மேயர் ஓட்டும். சென்னையில் 200 வார்டுகள். அங்கே ஜெயித்த கவுன்சிலர்கள் 2022 மார்ச் 4 அன்று கூடித்தான் பிரியாவை மேயராக்கினார்கள். தேர்ந்தெடுத்த கவுன்சிலர்களின் ஆதரவு போய்விட்டால் மேயர் பாடு திண்டாட்டம். 2024 ஜூலையில் கோவை, திருநெல்வேலி மேயர்கள் பதவி விலகினார்கள். நெல்லையில் அதற்கு முன்பே சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களே மேயருக்கு எதிராக நின்றது ஊரறிந்த கதை.

முன்பெல்லாம் நானும் நேரடித் தேர்தல்தான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். மேயர் ஒரு கட்சி, மன்றத்தில் பெரும்பான்மை இன்னொரு கட்சி என்றாகிவிட்டால் தீர்மானம் நிறைவேற்றுவதே இழுபறி. அதோடு, நிர்வாகம் நடப்பது அரசு நியமிக்கும் ஆணையர் கையெழுத்தில். சென்னையில் குடிநீரும் பாதாள சாக்கடையும் மாநகராட்சியிடம் இல்லவே இல்லை, குடிநீர் வாரியத்திடம் இருக்கிறது. தெருவில் தேங்குவது மழைத் தண்ணீரா சாக்கடைத் தண்ணீரா என்பதைப் பொறுத்து அலுவலகம் மாறும்.

கவுன்சிலர் எதற்கு என்பது கவுன்சிலர் இல்லாத காலத்தில்தான் எனக்குப் புரிந்தது. 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய தேர்தலுக்கான அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் தனி அலுவலர்கள் ஆட்சி. அந்தச் சமயத்தில் எங்கள் தெருமுனையில் (ஊர் பெயர் வேண்டாம்) மழைநீர் வடிகாலின் மூடி உடைந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மண்டல அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். "எஸ்டிமேட் போட்டாச்சு சார்" என்ற பதிலை மூன்று மாதம் கேட்டேன். கடைசியில் நாங்களே ஒரு மரக்கிளையை அதில் செருகி, நுனியில் சிவப்புத் துணி கட்டிவிட்டோம். அந்தத் துணி வெளுத்து வெள்ளையாகும்வரை அங்கேயே இருந்தது.

2022-ல் எங்கள் வார்டில் ஜெயித்தவர் ஒரு பெண். பாதி இடம் பெண்களுக்கு என்பதால் அந்த முறை எங்கும் புதுமுகங்கள். போன் செய்தால் எடுத்தது அவர் கணவர். "சொல்லுங்க, நான்தான் கவுன்சிலர்" என்று கூசாமல் சொல்வார். நானும் தலையில் அடித்துக்கொண்டேன். ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் அந்த அம்மாவே எடுத்தார். மறுநாள் காலை ஏ.இ.யை (உதவிப் பொறியாளர்) கையோடு அழைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து, குழிக்குள் எட்டிப் பார்த்து, "இது மூடி மட்டும் இல்ல சார், பக்கச் சுவரும் இடிஞ்சிருக்கு, அதையும் எழுதுங்க" என்றார். பத்து நாளில் வேலை முடிந்தது. எங்கள் தெரு ரோடு இன்னும் போடவில்லை, அது வேறு.

ஓட்டின் எடையையும் பாருங்கள். சென்னையில் வார்டுக்குச் சராசரியாக 30 ஆயிரம் வாக்காளர்கள். 2022-ல் அங்கே பதிவானது 43 சதவீதம் சொச்சம்தான். அதாவது ஒரு வார்டில் 13 ஆயிரம் ஓட்டு, அதையும் ஐந்தாறு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சட்டமன்றத் தேர்தலில் காணாமல் போகும் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு, இங்கே முடிவையே திருப்பிவிடலாம். கட்சி வேட்பாளர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. தெரியாதது நமக்குத்தான்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: பிரசாரத்துக்கு வருபவரிடம் நம் தெருவின் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்பேன். போன முறை மூன்று பேரைக் கேட்டேன். இரண்டு பேர் நோட்டீஸை நீட்டினார்கள். ஒருவர் மட்டும் கையைக் காட்டி, "அந்த ஸ்கூல் பின்னாடி வரைக்கும் போகுது, அங்கதான் அடைப்பு" என்றார். என் ஓட்டு அவருக்கு விழுந்தது. அவர் தோற்றுப்போனார்.