கார் ஓட்டாத மாமியாருக்கு ஜமைக்கா அக்கம்பக்கம்: ப்ரவர்டு கவுண்டியில் எங்கே வீடு பார்ப்பது?

கேள்வி: இப்போது டாம்பாவில் இருக்கிறேன். பிளான்டேஷன் நகரில் வேலை கிடைத்திருப்பதால் குடும்பத்தோடு தென் ஃப்ளோரிடாவின் ப்ரவர்டு கவுண்டிக்கு மாறுகிறோம். என் மனைவி ஜமைக்காவில் பிறந்தவர். அங்கே மேன்டெவில் ஊரில் தனியாக இருக்கும் 68 வயது மாமியாரும் எங்களோடு வந்துவிடப் போகிறார். அவர் கார் ஓட்டமாட்டார். தன் ஊர் மனிதர்கள், சர்ச், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறார். ஜமைக்கா குடும்பங்கள் ப்ரவர்டில் எந்தெந்த ஊர்களில் இருக்கிறார்கள்? வீட்டு ஏஜென்ட்டைக் கேட்டால், “அதை நான் சொல்லக்கூடாது” என்கிறார்.

பதில்: உங்கள் நிலைமைக்கு முதலில் பார்க்க வேண்டிய ஊர் லாடர்ஹில். அங்கே சரிப்படாவிட்டால் அதை ஒட்டியிருக்கும் சன்ரைஸின் கிழக்குப் பகுதி, பிளான்டேஷனின் வடகிழக்கு மூலை. மிரமாரைப் பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். நல்ல ஊர்தான். ஆனால் கார் ஓட்டாத ஒருவரை மனதில் வைத்துப் பார்த்தால் அதன் மேற்குப் பாதி உங்களுக்கு ஒத்துவராது. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன், ஏஜென்ட் மீது வருத்தப்பட வேண்டாம். 1968-இல் வந்த ஃபேர் ஹவுசிங் சட்டப்படி, இனத்தையோ பிறந்த நாட்டையோ வைத்து வாடிக்கையாளரை ஒரு பகுதிக்குத் தள்ளுவதும் விலக்குவதும் சட்டவிரோதம். கறுப்பினக் குடும்பங்களைச் சில தெருக்களுக்குள்ளேயே அடைத்துவைத்த பழைய கொடுமைக்கு எதிராக வந்த சட்டம் அது. அதனால் “இங்கே ஜமைக்காக்காரர்கள் அதிகம்” என்று சொல்வதற்குக்கூட ஏஜென்ட்டுகள் தயங்குவார்கள். நீங்களே விசாரித்துத் தெரிந்துகொள்வதில் எந்தத் தடையும் இல்லை. ஊரை நீங்கள் முடிவு செய்து, “இந்த எல்லைக்குள் காட்டுங்கள்” என்று சொன்னால் அவர் தாராளமாகக் காட்டுவார்.

கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. ப்ரவர்டில் 31 நகரங்கள் இருக்கின்றன. நகரங்களின் பெயரைவிட ஒரு சாலையை மனதில் வைத்துக்கொண்டால் படம் தெளிவாகும். தெற்கே மயாமி-டேட் கவுண்டி எல்லையிலிருந்து வடக்கே பாம் பீச் கவுண்டி எல்லை வரை கவுண்டியை நெடுக்காக வெட்டிச் செல்லும் சாலைக்கு ஸ்டேட் ரோடு 7 என்று பெயர். எல்லாரும் ‘441’ என்றுதான் சொல்வார்கள். அந்தச் சாலையின் நடுப்பகுதியில் லாடர்ஹில், லாடர்டேல் லேக்ஸ், நார்த் லாடர்டேல். அதிலிருந்து மேற்கே விரிந்தால் சன்ரைஸ், டமராக், பிளான்டேஷன். தென்கோடியில் மிரமார். ஜமைக்கா வாழ்க்கைக்கு இந்தச் சாலையில் இரண்டு மையங்கள்: நடுவே லாடர்ஹில், தெற்கே மிரமார்.

இரண்டும் உருவான விதம் வேறு. 1970-களில் ஜமைக்காவில் அரசியல் மோதலும் பொருளாதார நெருக்கடியும் முற்றியபோது நடுத்தரக் குடும்பங்கள் பல தென் ஃப்ளோரிடாவுக்கு வந்தன. பிறகு நியூயார்க்கில் பல வருஷம் உழைத்தவர்கள், குளிருக்கு விடைகொடுத்து இங்கே வீடு வாங்கினார்கள். லாடர்ஹில் 1959-இல் உருவான ஊர். அங்கே, குறிப்பாக இன்வெரரி என்ற கோல்ஃப் குடியிருப்பில், ஓய்வுபெற்ற யூதக் குடும்பங்களே முன்பு அதிகம். அவர்கள் காலம் முடிய முடிய அந்த அபார்ட்மென்ட்டுகளும் வீடுகளும் கரீபியன் குடும்பங்களின் கைக்கு வந்தன. இப்போது அந்த ஊருக்கு ‘ஜமைக்கா ஹில்’ என்றே செல்லப்பெயர்.

மிரமார் கதை பின்னால் வந்தது. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே இருந்த ஊர்களைச் சிதைத்த பிறகு, ப்ரவர்டின் தென்மேற்கில் புதுக் குடியிருப்புகள் மளமளவென்று எழுந்தன. 1990-இல் சுமார் 40,000 பேர் இருந்த மிரமாரில் 2020-இல் சுமார் 1,35,000 பேர். மயாமி-டேட் கவுண்டியின் வடபகுதியில் இருந்த ஜமைக்கா குடும்பங்கள் பல, பிள்ளைகள் வளர்ந்ததும் பெரிய வீடு தேடி எல்லை தாண்டி இங்கே வந்தன. 2015-இல் மேயரான வெய்ன் மெஸம், ஃப்ளோரிடாவின் கரும்புத் தோட்டத்துக்கு வெட்டுக்கூலியாக வந்த ஜமைக்காக்காரரின் மகன். லாடர்ஹில் பக்கமும் அப்படித்தான். அங்கே நகர மன்ற உறுப்பினராக இருந்த, ஜமைக்காவில் பிறந்த டேல் ஹோல்னஸ் 2019-இல் கவுண்டியின் மேயரானார்.

இனி உங்கள் மாமியாரின் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். லாடர்ஹில் மால் 441-இன் மேலேயே இருக்கிறது. பல பஸ் வழித்தடங்கள் அங்கே கூடுகின்றன. 441 முழுக்க ஓடும் 18-ஆம் எண் பஸ்ஸும் அங்கே நிற்கும். அந்தச் சாலையோரக் கடை வரிசைகளில் ‘பாட்டி’ (patty) என்ற இறைச்சிப் பஃப் விற்கும் பேக்கரி, காரமசாலா தடவிச் சுட்ட ஜெர்க் கோழிக் கடை, ஜமைக்காவுக்குப் பீப்பாயில் சாமான் அனுப்பும் கப்பல் ஏஜென்சி, பணம் அனுப்பும் கடை எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். பீப்பாய் என்பது சின்ன விஷயம் இல்லை. அரிசி, சோப்பு, பள்ளி உடுப்பு என்று மாதக்கணக்கில் சேர்த்து நிரப்பி ஊருக்கு அனுப்புவது அந்தக் குடும்பங்களின் வழக்கம். உங்கள் மாமியாரும் கண்டிப்பாக அனுப்புவார்.

காய்கறிக் கடையில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. அவர் கலலூ என்று வாங்கும் கீரை நம் தண்டுக்கீரையின் இனம்தான். கறிப்பலாவும் கிடைக்கும், பச்சை வாழைக்காயும் கிடைக்கும். கிறிஸ்துமஸுக்கு அவர் போடும் சிவப்பு சாரல் பானம், நம் புளிச்சக்கீரைச் செடியின் இனத்துப் பூவின் சிவந்த புல்லியிதழில் செய்வது. ஜமைக்காக்காரர்கள் சமைத்துச் சாப்பிடும் ஆக்கி என்ற பழத்தை மட்டும் டப்பாவில் வாங்குங்கள். காயாக இருந்தால் அதில் கடும் நஞ்சு உண்டு. அதனால் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நிறுவனங்கள் பதப்படுத்திய ஆக்கியைத்தான் இறக்குமதி செய்ய விடுகிறார்கள்.

சர்ச் விஷயத்தில் ஒன்றை முன்னதாகவே கேட்டு வையுங்கள்: அவர் எந்தச் சபை? ஜமைக்காவில் அட்வென்டிஸ்ட் சபையினர் நிறைய. அவர்களுக்கு ஆராதனை சனிக்கிழமை. ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே என்றால் ஞாயிறு. வயதானவர்களுக்குச் சர்ச்தான் நட்பு வட்டம், வண்டியில் ஏற்றிப்போக ஆள், உடம்பு சரியில்லாதபோது சூப் கொண்டுவரும் கை. மேன்டெவிலில் இருக்கும் போதகரிடம் உங்கள் மனைவியைப் பேசச் சொல்லுங்கள். “ப்ரவர்டில் நம் சபைக்காரர்கள் எங்கே கூடுகிறார்கள்” என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பெயராவது கிடைக்கும். வீடு தேடுவதற்கு முன்பே ஒரு சர்ச் கண்டுபிடியுங்கள் என்பேன். மேன்டெவிலில் அவர் படித்த பள்ளியின் பழைய மாணவர் சங்கமும் தென் ஃப்ளோரிடாவில் இருக்கலாம், அதையும் விசாரியுங்கள்.

மாலுக்குச் சற்றுத் தெற்கே, சன்ரைஸ் பூலவர்ட் பக்கமாக இருக்கும் மைதானத்தை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். 2007-இல் திறந்த லாடர்ஹில் கிரிக்கெட் மைதானம் அது. 2016 ஆகஸ்டில் வெஸ்ட் இண்டீஸிடம் ஒரே ஒரு ரன்னில் இந்தியா தோற்றது அங்கேதான். மனைவி வீட்டாரும் நீங்களும் ஒரே ஸ்டாண்டில் உட்கார்ந்து சண்டை போட நல்ல இடம்.

மிரமாருக்கு வருவோம். 441 ஓரமாக இருக்கும் கிழக்கு மிரமாரில் பழைய சிறிய வீடுகள், கடைகள், பஸ் எல்லாம் கைக்கெட்டும். மேற்கே போகப் போக கேட் போட்ட குடியிருப்புகள், ஏரிகள், பெரிய வீடுகள். பள்ளிப் பிள்ளைகளோடு இருக்கும் இரண்டாம் தலைமுறைக்கு அது பிடிக்கும். சவுத்வெஸ்ட் ராஞ்சஸில் உள்ள சிவா விஷ்ணு கோயிலும் அங்கிருந்து பக்கம். ஆனால் கார் இல்லாமல் ஒரு பால் பாக்கெட் வாங்க முடியாது. நீங்கள் இருவரும் வேலைக்குப் போனபின் மாமியார் பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். உங்கள் ஆபீஸும் பிளான்டேஷனில் இருப்பதால் தினமும் கவுண்டியைப் பாதி தாண்ட வேண்டியிருக்கும்.

மற்ற ஊர்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். லாடர்டேல் லேக்ஸ், நார்த் லாடர்டேல் இரண்டிலும் ஜமைக்கா, ஹெய்ட்டி குடும்பங்கள் கலந்திருக்கிறார்கள். டமராக் அமைதியானது. வெஸ்டனில் லத்தீன் அமெரிக்கர்கள் அதிகம். கடற்கரை ஊர்களில் நீங்கள் தேடுவது அவ்வளவாகக் கிடைக்காது.

நீங்களே எண்களைப் பார்க்க விரும்பினால், சென்சஸ் பீரோவின் தரவுத் தளத்தில் ஐந்தாண்டு அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயை எடுங்கள். அட்டவணை பி05006-இல் ஜமைக்கா என்ற வரி, அங்கே பிறந்தவர்களை மட்டும் எண்ணும். பி04006 தங்களை ஜமைக்கா வம்சாவளி என்று சொல்பவர்களைக் காட்டும். இங்கே பிறந்த பிள்ளைகளும் அதில் வருவார்கள். மாமியாரின் வயதுக்காரர்களைத் தேட முதல் அட்டவணைதான் உதவும். சின்னப் பகுதிகளுக்குப் பிழை விளிம்பு பெரிதாக இருக்கும் என்பதால் நகர அளவில் ஒப்பிடுங்கள்.

இன்னொரு குழப்பம்: விளம்பரத்தில் ‘ஃபோர்ட் லாடர்டேல் 33313’ என்று இருந்தால் அது ஃபோர்ட் லாடர்டேல் என்று நம்பிவிடாதீர்கள். அது தபால் முகவரி மட்டுமே. அந்த ஜிப்புக்குள் (நம் பின்கோடு மாதிரி) லாடர்ஹில், சன்ரைஸ், பிளான்டேஷன் மூன்றின் பகுதிகளும் வரும். வரியும் நகராட்சிச் சேவையும் மாறும். கவுண்டியின் ப்ராப்பர்ட்டி அப்ரைசர் (சொத்து மதிப்பீட்டு அலுவலகம்) தளத்தில் முகவரியைப் போட்டால் எந்த நகரம் என்று தெரிந்துவிடும். அங்கே காட்டும் வரி, பழைய உரிமையாளருக்கு ஏற்றம் கட்டுப்படுத்தப்பட்ட வரி. நீங்கள் வாங்கியதும் சந்தை மதிப்பில் புதிதாகக் கணக்கிடுவார்கள். எனவே உங்கள் வரி அதைவிட அதிகமாக வரலாம்.

விலையைப் பார்த்து காண்டோ (சொந்தமாக வாங்கும் அபார்ட்மென்ட்) வாங்க மனம் போகும். இங்கேதான் ரொம்ப ஜாக்கிரதை. லாடர்ஹில், சன்ரைஸ், டமராக், லாடர்டேல் லேக்ஸில் 1970-களின் கட்டடங்கள் ஏராளம். அவற்றில் சில 55 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டுமானவை. மாமியார் தகுதி பெறுவார். உங்கள் குடும்பத்துக்கு விதி இடம் கொடுக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். 2021-இல் மயாமி அருகே சர்ஃப்சைடில் ஒரு காண்டோ கட்டடம் இடிந்து 98 பேர் இறந்தபின் வந்த சட்டப்படி, மூன்று தளமோ அதற்கு மேலோ உள்ள பழைய காண்டோக்களுக்குக் கட்டுமானச் சோதனையும் பராமரிப்பு நிதியும் கட்டாயம். அந்தச் செலவு வீட்டுக்காரர்கள் தலையில்தான் விழும். சோதனை அறிக்கை, நிதி ஆய்வு, கடந்த இரண்டு வருஷத்துக் கூட்டக் குறிப்புகள் மூன்றையும் வாங்கிப் படிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், முதல் வருஷம் லாடர்ஹில் மாலிலிருந்து பஸ்ஸில் பத்துப் பதினைந்து நிமிஷ தூரத்தில் வாடகைக்கு இருங்கள். மாமியார் சர்ச்சையும் கடையையும் தேர்ந்தெடுத்த பிறகு, அவர் காட்டும் பக்கத்தில் வாங்குங்கள்.