வாய்க்கால் ஓடும் நாளில் கிணற்றை ஊறவிடுங்கள்

ஆற்று வாய்க்காலில் தண்ணீர் வரும்போது கிணற்றிலிருந்தும் இறைக்கலாமா, அந்தத் தண்ணீரைக் கிணற்றுக்குள் விட்டுச் சேமிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழனி மலையடிவாரத்தில், ஆயக்குடிப் பக்கம், வரதமாநதி அணைத் தண்ணீரில் கொஞ்சம் நெல்லும் கிணற்றை நம்பிக் கொய்யாத் தோப்பும் வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாய்க்கால் ஓடும்வரை மோட்டாருக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

இங்கே மண்ணுக்கு அடியில் கடினப் பாறை. தண்ணீர் தங்குவது அதன் மேல் உள்ள சிதைந்த பாறையின் இடுக்குகளில்தான். அந்த இடுக்குகள் தரக்கூடிய தண்ணீரை நூற்றுக்கு 2 பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கருக்கு அடியில் நீர்மட்டம் ஓர் அடி இறங்கும்போது கிடைப்பது சுமார் 25,000 லிட்டர். அதே ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டவோ ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தேவை. அதாவது ஓர் அங்குலப் பாய்ச்சலுக்கு நான்கு அடி மட்டம் போகிறது. இந்தக் கணக்கைத் திருப்பியும் பார்க்கலாம்: வாய்க்கால் தண்ணீர் கட்டிய நெல் வயலிலிருந்து ஓர் அங்குலம் கீழே கசிந்தால், அக்கம்பக்கத்துக்குப் பரவியதுபோக, கிணற்றில் மட்டம் ஏறுவது கண்ணுக்கே தெரியும். 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால், மதகு திறந்திருக்கும்போதும் மோட்டார் ஓடிக்கொண்டிருப்பது நம்மில் பலருக்கு உறுத்துவதில்லை.

கிணற்றுக்குள் நேரடியாக விடுவதை நான் செய்து கெட்டவன். புதுவெள்ளம் வந்த ஓர் ஐப்பசியில், வாய்க்காலிலிருந்து ஆறங்குலக் குழாயைப் போட்டுக் கிணற்றில் திருப்பிவிட்டேன். நான்காம் நாள் கிணறு நிரம்பிவிட்டதென்று ஊரே பார்த்துப் போனது. கோடையில் இறங்கிப் பார்த்தால் முழங்கால் அளவு வண்டல், ஊற்றுக்கண் இரண்டு அடைந்து, மோட்டார் உறிஞ்சும் குழாயின் அடிமுனையில் இருக்கும் புட்வால்வு சேற்றில் புதைந்து கிடந்தது. தூர் வாரிய கூலியைச் சொன்னால் வீட்டில் இன்றும் பேச்சு வரும். விடத்தான் வேண்டுமென்றால் செந்நிறத் தண்ணீர் போய்த் தெளிந்த பிறகு, ஒரு வண்டல் குழியிலும், கருங்கல், ஜல்லி, மணல் அடுக்கிய வடிகுழியிலும் இறங்கி வரும்படி விடுங்கள். உரமும் மருந்தும் கலந்த வயல் வடிகால் நீரை மட்டும் அண்டவிடாதீர்கள்.

கிணற்று நீர் வேறு இரண்டு வேலைகளுக்கு வேண்டும். வாய்க்கால் நீரின் வண்டல் சொட்டுநீர்க் குழாய்களை அடைத்துவிடும் என்பதால் கொய்யாவுக்குக் கிணறுதான். முறை வைத்து விடும் வாய்க்கால் தண்ணீர் தள்ளிப்போய், நெல் பால் பிடிக்கும் சமயத்தில் வயல் வெடித்தால், அப்போது ஒரு நனைப்பு கொடுக்கவும் அதுதான்.

கிணற்றுச் சுவரில் அடிக்கு ஒரு கோடாகப் பெயின்ட் அடித்து, மோட்டார் போடுவதற்கு முன் விடியற்காலையில் மட்டத்தைக் குறித்து வருகிறேன். தை முதல் வாரத்தில் தரையிலிருந்து 20 அடிக்குக் கீழே தண்ணீர் நின்றால், அடுத்த போகத்துக்கு நெல் கிடையாது, மக்காச்சோளம்தான்.