யுபிஐ பணம்: எது வங்கியின் பொறுப்பு, எது நம் பொறுப்பு?

கேள்வி: கடையில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து 640 ரூபாய் செலுத்தினேன். என் கணக்கில் கழிந்துவிட்டது, கடைக்காரருக்கு வரவில்லை. ரொக்கமும் கொடுத்துவிட்டு வந்தேன். முதல் தொகை திரும்புமா?

பதில்: திரும்ப வேண்டும். 2019-இல் ரிசர்வ் வங்கி இதற்குக் கெடு விதித்தது. கடைக்குச் செலுத்திய பணம் என்றால் 5 நாட்களுக்குள், தனிநபருக்கு அனுப்பியது என்றால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் நீங்கள் கேட்காமலேயே. வராவிட்டால் தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சிலர் 'பணம் போய்விட்டது' என்று அவர்களுடைய கைப்பேசித் திரையைக் காட்டுகிறார்கள். நம்பலாமா?

பதில்: அந்தத் திரையைப் பார்க்கவே வேண்டாம். உங்கள் கணக்கில் வரவு விழுந்ததா, உங்கள் ஒலிபெருக்கி அறிவித்ததா என்று மட்டும் பாருங்கள். சரிபார்ப்பது விற்பவரின் வேலை. அதற்காக வாடிக்கையாளரைச் சந்தேகப்பட்டுப் பேச வேண்டியதில்லை. 'ஒரு நிமிடம் இருங்கள்' என்றால் போதும்.

கேள்வி: எண் மாறி யாருக்கோ 5,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். அவர் தர மறுக்கிறார்.

பதில்: உடனே உங்கள் வங்கியிலும் செயலியிலும் புகார் பதியுங்கள். ஆனால் நீங்களே பின் எண் போட்டு அனுப்பிய பணத்தை, பெற்றவரின் சம்மதமின்றி வங்கி எடுத்துத் தராது. அதற்காக அவர் வைத்துக்கொள்ளலாம் என்று பொருளில்லை. தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு சொல்கிறது. வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பலாம். உங்களுக்கே யாராவது 'தவறி அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்' என்று அழைத்தால், முதலில் வரவு உண்மையா என்று பாருங்கள். உண்மையாக இருந்தாலும், அவருடைய வங்கி வழியாகவே வரச் சொல்லுங்கள்.

கேள்வி: மின் இணைப்பைத் துண்டிக்கப்போவதாக மிரட்டி, என் அம்மாவை ஒரு செயலியை நிறுவச் சொல்லி, 48,000 ரூபாயை எடுத்துவிட்டார்கள். வங்கியோ 'உங்கள் கவனக்குறைவு' என்கிறது.

பதில்: இந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். முதலில் இணையக் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் இன்னும் மோசடிக்காரரின் கணக்கில் இருந்தால் அதை முடக்க வாய்ப்பு உண்டு. அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

அடுத்தது 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கி விதி. பிழை உங்களிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை என்றால், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பே கிடையாது. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால் கணக்கின் வகையைப் பொறுத்து ஒரு வரம்பு வரை இழப்பு உண்டு. சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அது 10,000 ரூபாய். பின் எண்ணையோ ஓடிபியையோ அம்மா தாமாகவே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தகவல் தரும்வரை போன பணத்தின் இழப்பு அவரையே சேரும். தகவல் தந்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. ஆகவே புகார் அளித்த நேரத்தை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று: வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியது வங்கியே என்று அதே விதி சொல்கிறது. வெறுமனே 'கவனக்குறைவு' என்று சொல்லி ஒரு முதியவரைத் திருப்பி அனுப்புவது நியாயமே இல்லை. எந்த ஆதாரத்தில் சொல்கிறீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். அம்மாவையும் வீட்டில் யாரும் கடிந்துகொள்ளாதீர்கள்; திட்டுக்குப் பயந்து மறைத்தவர்களுக்குத்தான் நாட்கள் கடந்துபோகின்றன.

கேள்வி: அப்பாவுக்கு வயது 72. அவருடைய பின் எண்ணை நானே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். 2024-இல் வந்த யுபிஐ சர்க்கிள் வசதியில், உங்கள் கணக்கிலிருந்து அவர் செலவிட மாத வரம்பு வைத்து அனுமதி தரலாம். அவர் பணம் அவர் கையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: வங்கி பதிலே தரவில்லை என்றால்?

பதில்: 30 நாட்கள் காத்திருங்கள். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகவே முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகலை இணைக்க மறக்காதீர்கள்.