மாமனும் மருமகனும்

கேள்வி: 1688இல் இங்கிலாந்து மன்னரை, ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் அவருடைய மருமகனே பதவியிலிருந்து இறக்கினாராமே? நம் கட்சிகளுக்கு அந்தப் பக்குவம் எப்போது வரும்? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: கட்சிகள் கிடக்கட்டும். மருமகன் என்கிறீர்களே, அதில் பாதி உறவை விட்டுவிட்டீர்கள். இரண்டாம் ஜேம்ஸ், ஹாலந்து வில்லியத்துக்கு மாமனார் மட்டுமல்ல, சொந்தத் தாய்மாமன். வில்லியத்தின் அம்மா ஜேம்ஸுக்கு அக்கா. 1677இல் வில்லியம் கட்டிக்கொண்டது அசல் முறைப்பெண்ணை. 15 வயது மேரி சேதி கேட்டு அழுது தீர்த்தாள். சொந்தத்தில் கட்டக்கூடாது என்று எனக்கு விடாமல் கடிதம் போடும் டாக்டர் நண்பர் குறித்துக்கொள்ளலாம்: இந்த ஜோடிக்குக் குழந்தை இல்லை.

குழந்தைதான் வினையே. 1688 ஜூனில் ஜேம்ஸின் இரண்டாம் மனைவிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. புராட்டஸ்டன்ட் நாட்டுக்குக் கத்தோலிக்க வாரிசு! படுக்கையைச் சூடேற்றும் சட்டிக்குள் வைத்து யார் பிள்ளையையோ அறைக்குள் கடத்திவிட்டார்கள் என்று ஊரே பேசியது. பிரசவத்தின்போது உடனிருந்தவர்களைக் கூட்டிவைத்துச் சாட்சி சொல்லவைத்தார் மன்னர். நம்புகிறவர்கள்தானே நம்புவார்கள்? ஏழு பெரிய மனிதர்கள் வில்லியத்துக்கு அழைப்புக் கடிதம் எழுத, கடற்படைத் தளபதி ஒருவர் சாதாரண மாலுமி வேஷத்தில் அதைக் கொண்டுபோனார். நவம்பர் 5 அன்று மருமகன் டார்பேயில் வந்து இறங்கினார். கூட வந்த படை ஏறத்தாழ 15,000 பேர்.

அப்புறம் ஆரம்பித்தது கட்சித் தாவல். சின்ன மருமகன் ஜார்ஜ், யார் ஓடிப்போன சேதி வந்தாலும் “அப்படியா! இப்படியும் நடக்குமா?” என்பாராம். ஒருநாள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அவரும் அந்தப் பக்கம் போய்விட்டார். சாலிஸ்பரி முகாமில் ஜேம்ஸுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஆக, ரத்தமே சிந்தவில்லை என்பதும் சரியில்லை.

தப்பி ஓடும்போது அரசு முத்திரையைத் தேம்ஸ் நதியில் வீசினார். மீனவர்கள் அவரைப் பாதிரியார் என்று நினைத்துப் பிடித்து, உடையை உருவிச் சோதனை போட்டார்கள். இரண்டாம் முறை ஓடியபோது மருமகனே கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்.

ஐந்து மார்க் விடைக்காகவே எழுதப்பட்ட நோட்ஸ்கள் இங்கே நின்றுவிடும். அவற்றோடு எனக்குப் பழைய பகை. இதே சண்டையின் மிச்சம் அயர்லாந்தில் நடந்தது. 1689இல் டெர்ரி முற்றுகையில் பசியிலும் நோயிலும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1690இல் பாய்ன் ஆற்றங்கரையில் மாமனும் மருமகனும் நேருக்கு நேர் நின்றார்கள். மாமன் மறுபடி ஓட்டம். அடுத்த ஆண்டு ஆக்ரிம் போரில் மீண்டும் பிணக்குவியல். ஐரிஷ் ரத்தம் கணக்கில் வராதோ?

கடலுக்கு அப்பால் நடந்ததையும் கேளுங்கள். ஆப்பிரிக்க அடிமை வியாபாரம் அதுவரை ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் ஏகபோகம். அதன் தலைவராக இருந்தவர் இதே ஜேம்ஸ். அவர் போனதும் கம்பெனியின் பிடி தளர்ந்தது. 1698இல் பார்லிமென்ட் சட்டமே போட்டது: 10 சதவீத வரி கட்டினால் எந்த ஆங்கிலேயரும் அந்தத் தொழிலில் இறங்கலாம். வணிகச் சுதந்திரம் எங்கள் உரிமை என்று இதற்காக மனுப்போட்டவர்களில் பிரிஸ்டல் வியாபாரிகள் முன்வரிசையில் நின்றார்கள்.